மிக்-21 ஓய்வு பெற்றுவிட்டது. இந்திய விமானப்படையில் போர் விமானங்கள் குறைவது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயமா?

ஆமாம், கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் மிக்-21 போனதற்காக அல்ல. 1963-ல் வந்த விமானம் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அது எப்போதோ போயிருக்க வேண்டியது.

கணக்கைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்டவை 42 ஸ்குவாட்ரன்கள், அதாவது போர் விமானப் பிரிவுகள். இப்போது கையில் இருப்பவை 29. ஒரு ஸ்குவாட்ரனுக்கு 16 முதல் 18 விமானங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 29-ல் ஜாகுவார் ஆறு, மிராஜ்-2000 மூன்று, மிக்-29 மூன்று. இந்த மூன்று ரகமும் எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளுக்குள் நம்மிடம் வந்து சேர்ந்தவை. ஜாகுவாரை இன்று உலகத்திலேயே நாம் மட்டும்தான் ஓட்டுகிறோம். உதிரிபாகத்துக்காகப் பிரான்சும் ஓமானும் கழித்துக்கட்டியவற்றைக் கொண்டுவந்து பிரித்துப் போட வேண்டியிருந்தது. புது என்ஜின் பொருத்தும் திட்டமும் செலவு தாங்காமல் 2019-ல் கைவிடப்பட்டது.

"அதான் 180 தேஜஸ் மார்க்-1ஏ வருகிறதே" என்பார்கள். உள்நாட்டிலேயே தயாராகும் தேஜஸ் போர் விமானத்தின் மேம்பட்ட ரகம் அது. 2021-ல் 83, 2025 செப்டம்பரில் 97, மொத்தம் 180 ஆர்டர் போட்டிருப்பது சரிதான். 180 விமானம் என்றால் ஏறக்குறைய பத்து ஸ்குவாட்ரன். மேலே சொன்ன மூன்று பழைய ரகங்களும் சேர்ந்து பன்னிரண்டு. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் அவை ஒவ்வொன்றாகக் கழியும். அதாவது ஆர்டர் போட்ட தேஜஸ் முழுவதும் சொன்ன நேரத்தில் வந்தாலும் 29-ல் நிற்பதே பெரும்பாடு. இதைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சொன்ன நேரத்திலும் வரவில்லை. 2024 தொடக்கத்திலேயே முதல் மார்க்-1ஏ வந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் அதற்கான முதல் எஃப்-404 என்ஜினைக் கொடுத்ததே 2025 மார்ச்சில்தான். அதற்கு முந்தைய மாதம் பெங்களூரு விமானக் கண்காட்சியில், தேஜஸைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்ஏஎல் மீது தனக்கு நம்பிக்கை இல்லை என்று விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் அந்த நிறுவனத்தாரிடமே சொன்னது கேமராவில் பதிவானது. பதவியில் இருக்கும் தளபதி அப்படிப் பேசுகிறார் என்றால் எவ்வளவு வெறுத்துப் போயிருப்பார்!

எச்ஏஎல்லை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 126 விமானங்களுக்கு 2007-ல் டெண்டர் விட்டு, 2012-ல் பிரான்சின் ரஃபேலைத் தேர்ந்தெடுத்து, 2015-ல் அதை ஊற்றி மூடி, 2016-ல் 36 மட்டும் வாங்கினோம். விட்டுப்போன 90 விமானங்கள் ஐந்து ஸ்குவாட்ரனுக்குச் சமம். இன்றைய பள்ளத்தில் ஒரு பெரிய பங்கு டெல்லியில் கோப்பு நகராமல் கிடந்த அந்த வருடங்களில் விழுந்தது. இதில் எந்தக் கட்சியும் தப்ப முடியாது.

ஒரு ரஃபேல் நாலு மிக்-21-க்குச் சமம், எண்ணிக்கை முக்கியமில்லை என்ற வாதமும் உண்டு. திறமையில் சமமாக இருக்கலாம். ஆனால் ஒரே விமானம் காலையில் லடாக்கிலும் அதே நேரத்தில் குஜராத்திலும் பறக்க முடியாதே! இரண்டு பக்கமும் எல்லைத் தகராறு உள்ள நாட்டுக்கு எண்ணிக்கையும் வேண்டும்.

அதனால் தேஜஸ் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் ஆர்டர் தொகையை நான் பார்ப்பதில்லை. என்ஜின் எத்தனை வந்தது, நாசிக்கில் தொடங்கிய புதிய உற்பத்தி வரிசையிலிருந்து வருடத்துக்கு எத்தனை விமானம் வெளியே வருகிறது, இவ்வளவுதான் என் கண்ணில் படும்.