செல்லம் கேள்வி–பதில்: தாங்கித் தாங்கி நடக்கும் நாய்

எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது, எடை 41 கிலோ. காலையில் எழுந்ததும் பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். பத்து நிமிடம் நடந்தால் சரியாகிவிடுகிறது. மாமியார் மூட்டுவலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
– வாசகி, அண்ணா நகர்

கொடுக்கவே கொடுக்காதீர்கள். நமக்கு மூட்டுவலிக்கு எழுதித் தரும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாந்தியும் தார் போன்ற கறுப்பு மலமும் தெரியும்போது பாதி சேதம் நடந்து முடிந்திருக்கும். நாய்களுக்குக் கொடுக்கும் மெலோக்சிகாம் என்ற வலி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குப் பிறகு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் வழக்கமான அளவு. 41 கிலோவுக்கு 4.1 மில்லிகிராம். மனிதர்களின் 15 மில்லிகிராம் மாத்திரையில் ‘பாதிதானே’ என்று கொடுத்தால், ஏறக்குறைய இரண்டு மடங்கு உள்ளே போகும். எந்த வலி மருந்தானாலும், சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்த பிறகு கால்நடை மருத்துவர் எழுதித் தரட்டும். சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரலாம்.

காலையில் விறைத்து, நடக்க நடக்க இளகுவது மூட்டுத் தேய்மானத்தின் குணம். நாயை நிற்கவைத்து, பின்னால் மண்டியிட்டு, இரு தொடைகளையும் இரு கைகளால் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். வலிக்கும் காலை அவன் குறைவாக ஊன்றுவதால், அந்தப் பக்கத் தசை மெலிந்திருக்கும். விடியற்காலையில் அவன் எழுந்திருப்பதைக் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக் வாசலில் பயத்தில் நேராக நடந்துவிடுகிற நாய்கள் நிறைய.

அடுத்தது எடை. உள்ளங்கையை விரித்துக் கவிழ்த்து, புறங்கையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பும் தொட்டால் அப்படித்தான் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைச் சதை போல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. வாரம் 400 கிராம் வீதம் குறைத்தால் 3 மாதத்தில் 5 கிலோ இறங்கும். அவனுக்கு அதைவிட நல்ல மூட்டு மருந்து கிடையாது. (வீட்டில் பெரியவர்கள் டீயோடு போடும் பிஸ்கட்டையும் கணக்கில் சேருங்கள். எடை குறையாத வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை.)

அபார்ட்மென்ட் டைல்ஸ் தரையில் ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் மூட்டு நெட்டி இழுபடும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளை விரியுங்கள். பாதத்தில் விரலிடை முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். ஒரு மணி நேர நடைக்குப் பதில், தார்ச்சாலை சூடேறுமுன் 15 நிமிடம், பொழுது சாய்ந்து தரை ஆறியபின் 15 நிமிடம். பந்து வீசி விளையாடுவதை விட்டுவிடுங்கள், அந்தத் திடீர்த் திருப்பம்தான் ஆபத்து. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. காசு செலவழிப்பதென்றால் மீன் எண்ணெய் மேல்.

நாட்டு நாய், 3 வயது. போன வாரம் முன்னங்கால் நொண்டினான், இந்த வாரம் பின்னங்கால். சாப்பாட்டைத் தொடுவதில்லை. தினமும் உண்ணி எடுக்கிறேன், தீரவில்லை.
– வாசகர், மேடவாக்கம்

கால் மாறி மாறி நொண்டினால், ரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி பிளேட்லெட்டைக் குறைக்கும், மூட்டுகளிலும் அழற்சி உண்டாக்கும். உதட்டைத் தூக்கி ஈறு வெளிறியிருக்கிறதா, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு சூடா என்று தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வையுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103.5-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ரத்த ஸ்மியரில் (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) கிருமி தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பிசிஆர் பரிசோதனை கேளுங்கள். எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாளே வாலாட்டிக்கொண்டு சாப்பிடுவான், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்து, கொஞ்சம் தண்ணீரும் புகட்டுங்கள். தொண்டையில் ஒட்டினால் அந்த மாத்திரை புண்ணாக்கும். தயிர் சாதத்தில் ஒளித்துக் கொடுக்காதீர்கள், தயிரின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பாபீசியாவாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

உண்ணி தீராததற்குக் காரணம் உங்கள் சுவர். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள விரிசல்களையும் கதவுச் சட்ட இடுக்குகளையும் சுவருக்குப் பூசும் புட்டி வைத்து அடையுங்கள். அஃபாக்சோலனர் போன்ற உண்ணி மாத்திரையை மாதம் தவறாமல் கொடுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய் தடவ வேண்டாம், கையால் நசுக்கவும் வேண்டாம். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சானிடைசரில் போடுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி, 3 மாதம். பப்பி ஃபுட்தான் உணவு. கால் நேராக வளர கால்சியம் சிரப்பும் தினம் இருவேளை கொடுக்கச் சொன்னார் குட்டியை விற்றவர்.
– வாசகி, பெரம்பூர்

இன்றே நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான பப்பி ஃபுட்டில் தேவையான கால்சியம் இருக்கிறது. இந்த வயதில் குடலுக்கு ‘போதும்’ என்று தடுக்கத் தெரியாது. கூடுதலாகப் போனதெல்லாம் உறிஞ்சப்பட்டு, எலும்பும் குருத்தெலும்பும் கோணலாக வளரும். வெறும் சோறும் எலும்பில்லாத கோழிக்கறியுமே கொடுக்கும் வீட்டில் நிலைமை நேர் எதிர். அங்கே கால்சியம் பற்றாமல் கால் வளையும், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். ஓடும்போது இரு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் போலத் தாவினால், இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். காலை நீட்டிப் படம் எடுக்க லேசாக மயக்க மருந்து தேவைப்படும்.

டாஷ்ஹண்ட், முதுகு டிஸ்க் பிரச்சினை. 4 வாரம் கூண்டு ஓய்வு சொன்னார்கள். பத்தே நாளில் நன்றாக நடக்கிறாள். திறந்துவிடலாமா?
– வாசகர், வேளச்சேரி

வேண்டாம். வலிதான் போயிருக்கிறது, டிஸ்க்கின் கிழிசல் இன்னும் ஆறவில்லை. சோபாவிலிருந்து ஒரே ஒரு குதி போதும், பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். மலஜலத்துக்கு மட்டும் வெளியே, அதுவும் கழுத்துப்பட்டை இல்லாமல் மார்புப்பட்டையில். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பிட்டத்துக்கடியில். கால் தடுமாறினாலோ சிறுநீர் போகாமல் நின்றாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.