கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: போரில் இளம் வயதில் இறந்த வீரர்களில் உங்கள் மனத்தை விட்டு அகலாதவர் யார்?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். 1971 ஜூனில் 17 பூனா ஹார்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர் டிசம்பர் 16 அன்று இல்லை. வயது 21. மேற்கு எல்லையில் ஷகர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றை ஒட்டி நடந்த சண்டையில் அவருடைய டாங்கி தீப்பற்றியது. விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அன்று மாலையே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் இரவு மேற்கு எல்லையிலும் போர் நின்றது. இன்னும் ஒன்றரை நாள் தாண்டியிருந்தால் பிழைத்திருப்பார். இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஆனால் அவரை நான் மறக்காததற்குக் காரணம் பதக்கம் அல்ல. போர்முனைக்குக் கிளம்பும்போது கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்கு அணியும் நீலச் சீருடையையும் மூட்டை கட்டினாராம். லாகூரில் ஆட வேண்டாமா என்றாராம்! இருபத்தொரு வயதுப் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

2001இல் அவருடைய தந்தை, ஓய்வுபெற்ற பிரிகேடியர், தாம் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பாகிஸ்தான் பிரிகேடியர் நாசர். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு நாசர் வாய் திறந்தார்: அந்த டாங்கியை அடித்தது நான்தான். முப்பது ஆண்டு சுமந்ததைச் சொன்ன மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. எண்பதைக் கடந்த அந்தத் தந்தையை நினைத்தால், சொல்லாமலேயே வழியனுப்பியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: கார்கில் போரில் இறந்த தமிழ்நாட்டு அதிகாரி ஒருவரைச் சொல்லுங்கள்.
– வாசகர், கரூர்

பதில்: மேஜர் மாரியப்பன் சரவணன். பீகார் ரெஜிமெண்ட். 1999 மே 29, பட்டாலிக் மலை. வயது 26. உடலை மீட்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா பெற்றவர். திருச்சியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: என் பெரியப்பா 1971 போரில் 22 வயதில் இறந்தார். எந்த இடத்தில் என்பதுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் எழுதிய கடிதங்களில் ‘56 ஏ.பி.ஓ.’ என்றுதான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி என்ன சொல்வது?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அது ராணுவத் தபால் முகவரி. படை நிற்கும் இடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி. அதே கடிதத்தில் அனுப்புநர் பெயருக்கு முன்னால் ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். அது அவருடைய ராணுவ எண். அதையும் படைப்பிரிவின் பெயரையும் குறித்துக்கொண்டு, உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்கும் எழுதலாம். 2019இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் அவர் பெயர் கல்லில் இருக்க வேண்டும். அதையும் தேடுங்கள்.

பேரப்பிள்ளைகளிடம் தியாகம், வீரம் என்று தொடங்காதீர்கள். மேடையில் அப்படிப் பேசிப் பேசித்தான் இறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே முகமாகிவிட்டார்கள். உங்கள் மாவட்டத்திலேயே எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து மாண்ட வீரனின் கல். கூடவே நின்று இரண்டு திருடர்களைக் கடித்த நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் அந்தச் சிற்பிக்கு இருந்த அக்கறை நமக்கு இருந்தால் போதும். பெரியப்பாவுக்கு நாய் இருந்ததா? எந்தப் பாடத்தில் தோற்றார்? பட்டாளத்துக்குப் போகாதே என்று யார் அழுதார்கள்?

இதெல்லாம் தெரிந்த தம்பி தங்கைகள் எவரேனும் இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அலுவலகம் பிறகு, முதலில் அவர்களிடம் போங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடிதங்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் செய்துவிடாதீர்கள், தாள் பாழாகிவிடும்.