கொடியைப் பாதியில் நிறுத்தியவர்

அன்புள்ள ஐயா,
கடற்போர் பற்றிப் படிக்க ஐந்தாறு புத்தகங்கள் சொல்லுங்களேன். பீரங்கி, கவசம் பற்றித் தனியாகப் படிக்க வேண்டுமா? கட்டளையைக் கேள்வி கேட்காமல் நிறைவேற்றுவதுதானே கடற்படையின் உயிர், அதை விளக்கும் நூல் உண்டா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் இப்போது வேண்டாம். பீரங்கியும் கவசமும் தேடினால் கிடைக்கும், விடு. ஒரே புத்தகம்: ஆண்ட்ரூ கார்டனின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்'. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய 1916 ஜட்லாண்ட் போரைப் பற்றியது, ஆனால் நடுவில் போரை விட்டுவிட்டு விக்டோரியா காலத்துக் கடற்படைக்குள் நெடுந்தூரம் போய்விடுவார். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதே, விஷயமே அங்கேதான்.

உன் கடைசிக் கேள்விக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. கேள்வி கேட்காமலா? 1893 ஜூன் 22, இன்றைய லெபனானின் திரிபோலிக்கு அருகே பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டு வரிசையாகப் போகின்றன, இடைவெளி ஆறு கேபிள், அதாவது சுமார் 1,100 மீட்டர். இரண்டு வரிசையும் உள்பக்கமாகத் திரும்பட்டும் என்கிறார் அட்மிரல் டிரையன். எட்டு கேபிளாவது வேண்டும் என்று அவருக்குக் கீழிருந்த அதிகாரியே முன்பு சொல்லியிருந்தார், ஆனாலும் ஆறே இருக்கட்டும் என்றுவிட்டார். அடுத்த வரிசையின் தலைவர் மார்க்கமுக்கு இது நடக்காத காரியம், இவ்வளவு இடத்தில் திரும்பினால் மோதிக்கொள்வோம் என்று தெரிகிறது. பதில் கொடியை முழுதாக ஏற்றாமல் பாதியில் நிறுத்துகிறார், புரியவில்லை என்று அதற்கு அர்த்தம். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மொத்தப் படையும் பார்க்க டிரையனிடமிருந்து சிக்னல் வருகிறது. அவ்வளவுதான், கொடி மேலே போய்விட்டது. மார்க்கமின் கப்பல் கேம்பர்டவுன், டிரையனின் கப்பல் விக்டோரியா மேல் மோதி 358 பேர் செத்தார்கள், டிரையனும் சேர்த்து.

மார்க்கம் மேல் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. தெரியாமல் செய்தவர் இல்லையே, தெரிந்துதானே பாதியில் நிறுத்தினார்! கட்டளைப்படி நடந்தவரைக் குற்றவாளி என்றால் கடற்படைக்கே கேடு என்றது மால்டாவில் கூடிய ராணுவ நீதிமன்றம். கொடுமை என்னவென்றால், சிக்னலுக்குக் காத்திராமல் தலைமைக் கப்பலைப் பார்த்துத் தானாக நடக்கக் கப்பல்களைப் பழக்கிக்கொண்டிருந்தவரே இந்த டிரையன்தான். அவரோடு அந்தப் பழக்கமும் மூழ்கியது. காய்ச்சலோடு விக்டோரியாவில் படுத்திருந்து தப்பிய ஜெலிகோதான் ஜட்லாண்டில் பிரிட்டிஷ் தளபதி. அன்று இரவு ஜெர்மன் போர்க்கப்பல்கள் பின்பக்கமாகக் கடப்பதை 'மலாயா' என்ற பிரிட்டிஷ் கப்பல் கண்டது. முன்னால் போகும் தலைமைக் கப்பல் பார்த்திருக்கும் என்று அதன் கேப்டன் சுடவும் விடவில்லை, ஜெலிகோவுக்குச் சொல்லவும் இல்லை. ஜெர்மானியர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

திட்டிவிட்டேன் என்று எழுதாமல் இருந்துவிடாதே, தம்பி. இந்த வயதில் இதையெல்லாம் தேடிப் படிக்க வருகிறாயே, அதுவே எனக்குச் சந்தோஷம். கார்டனை முடித்துவிட்டு எழுது, மற்றப் புத்தகங்களை அப்புறம் பார்ப்போம்.