சிறுதொழிலில் நிலைக்கக் கடின உழைப்பு மட்டும் போதுமா?

போதாதுங்க. மதுரையில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன் நான். பட்டதைச் சொல்கிறேன்.

சிறுதொழிலுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், 'சிசு' என்கிற ஆரம்ப நிலைக் கடன் 50,000 ரூபாய் வாங்கி, கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை ஊற்றும் பெரிய கிரைண்டர்) ஒன்றைப் போட்டேன். ராத்திரி 2 மணிக்கு எழுந்து 20 கிலோ அரிசி, 5 கிலோ உளுந்து அரைக்க வேண்டும். விடிந்ததும் 60 பாக்கெட்டை மொபெட்டில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போவேன். தெருவில் எல்லாரும் "உழைச்சா இவனை மாதிரி உழைக்கணும்" என்றார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மூன்றாம் மாதம் என் மனைவி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, கவர், கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அடக்கம் 29 ரூபாய். கடைக்கு 35. அறுபதும் விற்றால் லாபம் 360. ஆனால் விற்காததைக் கடைக்காரர் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவார். பத்து பாக்கெட் திரும்பினால் கையில் நிற்பது 10 ரூபாய். ஆமாம், பத்தே ரூபாய்! சித்திரை வெயிலில் பத்தோடு நிற்குமா? காலையில் போட்ட மாவு மத்தியானமே பொங்கி, கவர் பலூன் மாதிரி உப்பிவிடும். (என் கூலியை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நல்லவேளை.) வெறி பிடித்து 80 பாக்கெட் போட்டிருந்தால் நஷ்டம்தான் கூடியிருக்கும்.

பெண்கள் மாவு வாங்க வருவது சாயங்காலம் என்பதைக் கடை வாசலில் நாலு நாள் சும்மா நின்று பார்த்த பிறகுதான் கவனித்தேன். அரைப்பதை மத்தியானத்துக்கு மாற்றினேன். உளுந்து சூடேறாமல் இருக்க ஐஸ் தண்ணீர். பிரிட்ஜ் இருக்கும் கடைக்கு மட்டும், மொத்தம் 45 பாக்கெட். இரண்டு திரும்பினாலும் 200 ரூபாய் மிஞ்சியது. தூக்கமும் வந்தது.

உடம்பு நோக உழைப்பது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. பாக்கி கேட்பதுதான் கஷ்டம். "நாளைக்கு வாங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரிடம் ஐந்தாவது தடவையும் போய், முகம் கோணாமல் நிற்க வேண்டும். மூட்டை தூக்குவதே தேவலை என்று தோன்றும். பெட்டிக்கடை, மளிகை வியாபாரிகளிடம் சரக்கு போடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஒரு கடையில் 1,400 ரூபாய் நிற்கிறது. நாலு மணிக்குப் போகணும்.