பிடிக்கம்பி பூட்டியிருந்தது, ஆனால் மகளைப் பிடிக்கவில்லை

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறோம். பள்ளி விடுமுறையில் என் 9 வயது மகளும் நானும் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஏறினோம். இருவர் மடிக்கும் சேர்த்து ஒரே பிடிக்கம்பி. பணியாளர் பார்த்தபடி நடந்து போனார், கம்பியைத் தொடவில்லை. இரண்டாவது மேட்டில் மகள் இருக்கையை விட்டு எழும்பி, தாடை கம்பியில் மோதி எலும்பு விரிசல் கண்டுவிட்டது. “கம்பி பூட்டாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. டிக்கெட்டில் ‘சொந்தப் பொறுப்பு’ என்று போட்டிருக்கிறோம்” என்கிறது நிர்வாகம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்பதால் பலரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். ஆனால் உடற்காயம், மரணம் தொடர்பான கோரிக்கைகளை விசாரிக்க அந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. கோரும் தொகை 1 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம்.

அடுத்து, “பூட்டியிருந்தது” என்ற பதில். அது உண்மையாகவே இருக்கலாம். இருவருக்குப் பொதுவான கம்பி, பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பல்சக்கரம் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், சென்சார் ‘பூட்டியாயிற்று’ என்று சொல்லும், பலகையில் பச்சை விளக்கு எரியும். பக்கத்தில் உள்ள குழந்தையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று சென்சாருக்குத் தெரியாது. மேட்டின் உச்சியில் வண்டி கீழே வளையும்போது உடம்பு மேலேயே போகப் பார்க்கும். அந்த இடைவெளிதான் ஆபத்து.

அதனால்தான் கையால் சோதிக்கும் வழக்கமே இருக்கிறது. பணியாளர் கம்பியைக் கீழே அழுத்த வேண்டும், பிறகு மேலே இழுத்துப் பார்க்க வேண்டும், அது ஒவ்வொருவர் மடியிலும் படிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ‘சரி’ என்று அவர் சைகை காட்டிய பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும். 2022-இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில், உயரத்திலிருந்து விழும் ஒரு விளையாட்டில் 14 வயதுச் சிறுவன் இறந்தான். அவன் இருக்கையின் சென்சாரை யாரோ கையால் தளர்த்தி மாற்றியிருந்ததால், வழக்கத்தைவிடப் பெரிய இடைவெளி இருந்தும் இயந்திரம் கிளம்பிவிட்டது. பச்சை விளக்கை மட்டும் நம்பியதன் விலை அது.

ஆகவே, நிர்வாகத்துக்கு அனுப்பும் நோட்டீஸில் “கம்பி பூட்டவில்லை” என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் பராமரிப்புப் பதிவைக் காட்டி உங்கள் வழக்கை அன்றே முடித்துவிடுவார்கள். “பூட்டிய கம்பி குழந்தைக்குப் பொருந்தவில்லை, சோதிக்காமல் வண்டியை அனுப்பினார்கள்” என்று எழுத வேண்டும்.

இதை நிரூபிக்கும் ஆதாரம் சீக்கிரம் அழியக்கூடியது. சிசிடிவி பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். இந்த வாரமே கடிதம் அனுப்பி, ஏறுமிடத்தின் அன்றைய காட்சி, காலைச் சோதனைப் பட்டியல், கட்டுப்பாட்டுப் பலகையின் பதிவு, அந்தப் பணியாளரின் பயிற்சிச் சான்று, தயாரிப்பாளர் தந்த இயக்கக் கையேட்டில் உயரம் பற்றியும் பெரியவர்–சிறியவர் சேர்ந்து உட்காருவது பற்றியும் உள்ள பக்கங்கள் அனைத்தையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். மகளின் உருவம் பதிந்த காட்சி அவளுடைய தனிநபர் தரவு. 2010-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் நகலைக் கேட்கலாம். பதில் தர அவர்களுக்கு 21 நாள். வெளியே வரும் வழியில் விற்கும் புகைப்படத்தை வாங்கினீர்களா? கம்பிக்கும் மடிக்கும் உள்ள இடைவெளி சில சமயம் அதில்தான் தெளிவாகத் தெரியும். மருத்துவமனை அறிக்கையில் மகளின் உயரமும் எடையும் ஏறியிருக்கட்டும்.

டிக்கெட் வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 24டி பிரிவு, கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் நிபந்தனையை நியாயமற்றது என்று கருத இடம் தருகிறது. வழக்குப் போடும் உரிமையையே மொத்தமாகப் பறிக்கும் நிபந்தனை 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவின்படி செல்லாது என்று, 2018-இல் ஒரு வங்கி வழக்கில் கூட்டரசு நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. போதாததற்கு, 9 வயதுக் குழந்தையை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது.

உண்மையான சிக்கல் நீங்கள்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். “அப்பாவும் கவனிக்கவில்லை” என்று சொல்லி, 1956 சிவில் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்கீழ் இழப்பீட்டில் உங்களிடமிருந்து ஒரு பங்கு கேட்டு நிர்வாகம் உங்களையும் வழக்கில் இழுக்கலாம். அப்படி வந்தால் உங்கள் நலனும் மகளின் நலனும் மோதும். ஆகவே மகளின் சார்பில் வழக்குத் தொடுக்கும் பிரதிநிதியாக அவள் தாய் இருக்கட்டும். மடியில் பை ஏதும் வைத்திருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு காட்சியைப் போட்டுக் காட்டும்போது அவர் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

மருத்துவச் செலவையும் இலவச நுழைவுச் சீட்டையும் நீட்டி, “இத்துடன் முடிந்தது” என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். சிறார் வழக்கில் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். வழக்குத் தொடுக்கக் காலவரம்பு 6 ஆண்டு. தனியார் நிறுவனத்தின் மீதான மகளின் கோரிக்கைக்கு அது அவளுக்கு 18 வயது ஆன பிறகே ஓடத் தொடங்கும்.

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடமும் புகார் கொடுங்கள். 1994 தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஊழியர் அல்லாதவர்களின் பாதுகாப்புக்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. 2024 ஜூன் முதல் அதற்கான அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை. அந்தப் பணம் உங்களுக்கு வராது, விசாரணையில் வெளிவரும் தகவல் வழக்குக்கு உதவலாம்.

கடிதத்தைப் பூங்கா வாசலில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கட்டடம் ஒருவருடையதாகவும் விளையாட்டை இயக்குவது இன்னொரு நிறுவனமாகவும் இருக்கலாம். நிறுவனப் பதிவகத்தில் தேடி, பதிவு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.