சொந்த சர்வரில் தொடர்புப் பட்டியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் கார்டுடேவ் (தொடர்புகளைச் சர்வரோடு ஒத்திசைக்கும் நெறிமுறை) கணக்கைச் சேர்க்கும் இடமே தென்படவில்லையே?

பதில்: அங்கே அது கிடையாது. ஐபோனில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு டேவ்எக்ஸ்5 செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். எஃப்-டிராய்டில் இலவசமாகவும் பிளே ஸ்டோரில் விலைக்கும் கிடைக்கிறது.

கேள்வி: வீட்டில் நான்கு பேர், எல்லாமாக 2,000 எண்கள் இருக்கும். நெக்ஸ்ட்கிளவுட் (கோப்பு, நாள்காட்டி, தொடர்பு எல்லாவற்றுக்குமான சர்வர் மென்பொருள்) நிறுவத்தான் வேண்டுமா?

பதில்: தொடர்புகளுக்காக மட்டும் என்றால் வேண்டாம், ரேடிகேல் என்ற சிறிய சர்வர் மென்பொருளே போதும். அது ஒவ்வொரு தொடர்பையும் தனித்தனி விசிஎஃப் கோப்பாக (தொடர்பு விவரங்களுக்கான உரைக்கோப்பு) வைப்பதால், நாளை அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் உங்கள் தரவைச் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கலாம். இயல்பாக அது 5232 போர்ட்டில், தான் இருக்கும் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். கடவுச்சொல் சரிபார்ப்பையும் ஹெச்டிடிபிஎஸ்ஸையும் அமைக்காமல் அதை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: சிங்க் ஆகவில்லை. உடனே உதவவும்.

பதில்: எந்தச் சர்வர், எந்தச் செயலி, என்ன பிழைச்செய்தி என்று ஒன்றையும் எழுதாமல் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. இம்மூன்றையும் குறித்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டேவ்எக்ஸ்5 பச்சைக்கொடி காட்டுகிறது, ஆனால் பழைய எண்களில் ஒன்றுகூட சர்வருக்குப் போகவில்லை.

பதில்: அவை கூகுள் கணக்கிலோ கைப்பேசியின் உள் நினைவகத்திலோ இருக்கின்றன, டேவ்எக்ஸ்5 தன் கணக்கில் உள்ளவற்றை மட்டுமே அனுப்பும். எல்லாவற்றையும் விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை வேறோர் இடத்திலும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு புதிய கணக்கைத் தேர்ந்தெடுத்து இறக்குமதி செய்யுங்கள். புதிய எண்கள் சேரும் இயல்புக் கணக்கையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சர்வரில் இருப்பதால் பாதுகாப்பு என்று நம்பியிருந்தேன். கைப்பேசியில் தவறுதலாக அழித்த 300 எண்கள் சர்வரிலும் இல்லை. மீட்பது எப்படி?

பதில்: ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. இதை எத்தனை முறை எழுதினாலும் இதே துயரத்தோடு கடிதங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஒத்திசைவின் வேலை எல்லாக் கருவிகளையும் ஒரே நிலையில் வைத்திருப்பது. அதன் பார்வையில் அழிப்பதும் ஒரு மாற்றமே என்பதால், ஓரிடத்தில் நேர்ந்த பிழையை அது மிகுந்த விசுவாசத்தோடு மற்ற எல்லா இடங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கூகுளில் அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். ரேடிகேலில் அப்படியொரு தொட்டி இல்லை. சொந்த சர்வருக்கு மாறும்போது அந்தப் பொறுப்பும் நம்மிடம் வந்துவிடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதேயில்லை. இன்னும் ஒத்திசையாத பழைய கைப்பேசியோ மடிக்கணினியோ வீட்டில் இருந்தால், அதை இணையத்தோடு இணைக்காமல் திறந்து, முதல் வேலையாக விசிஎஃப் ஏற்றுமதி செய்யுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், மீட்க வழியில்லை. இனியாவது ரேடிகேலின் கோப்புறையை நாள்தோறும் வேறொரு வட்டில் தேதியிட்டு நகலெடுங்கள்; அல்லது ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் (Git) என்ற, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருளில் பதியும்படி ரேடிகேலின் ஹூக் வசதியை (மாற்றம் நேரும்போது ஒரு கட்டளையை இயக்குவது) அமைத்து, அந்தக் களஞ்சியத்தை வெளியிலும் ஒரு படி வைத்திருங்கள்.

கேள்வி: பழைய விசிஎஃப் கோப்பை எடிட்டரில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சமக்குறிகளும் எண்களுமாகத் தெரிகின்றன. கெட்டுவிட்டனவா?

பதில்: கெடவில்லை. விசிஎஃப் கோப்பின் பழைய வடிவமான விகார்டு 2.1-இல் ஆங்கிலமல்லாத எழுத்துகளைப் பெரும்பாலும் அப்படித்தான் குறியேற்றி எழுதுவார்கள். கைப்பேசியில் இறக்குமதி செய்து பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், அங்கிருந்து சர்வருக்கு 3.0 அல்லது 4.0 வடிவில் சென்றுவிடும். கோப்பைக் கையால் திருத்த முனையாதீர்கள். எதற்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.