கை தட்டுங்கள், திறக்கப்படும்

(வாசகர் கேள்வி – பதில்)

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் மிஷனரியாக இரண்டு வருடம் பிரேசிலில் இருந்துவிட்டு வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கேள்வியெல்லாம் அதைப் பற்றியே. நான் அந்தச் சபைக்காரன் அல்ல. ஓரெம் நகரில் 17 வருடமாகக் குடியிருக்கும் கும்பகோணத்துக்காரன். பையன் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னதும், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்ததும்தான் கீழே வருகிறது.

'எல்டர்' என்றால் மூப்பர்தானே? மீசை முளைக்காத பையனுக்கு எதற்கு அந்தப் பட்டம்? — வாசகர், தேனி

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர்கள் சபையில் அது ஆசாரியத்துவப் பதவியின் பெயர், வயதைப் பார்ப்பதில்லை. பையன்கள் 18 வயதில் போகலாம், 24 மாதம். பெண்களும் இப்போது 18 வயதில் போகலாம் (2025 வரை 19), 18 மாதம், அவர்களுக்கு 'சிஸ்டர்'. 2012 வரை பையன்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்று இருந்தது. சட்டைப் பையில் குத்தும் கறுப்புப் பட்டையில் 'எல்டர்' போட்டுக் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். அவன் திரும்பி வந்த புதிதில் வேலியோரம் நின்று பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. கோபமோ என்று பார்த்தால், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்றே அவனுக்கு உறைக்கவில்லை.

இன்னொன்று. 'மார்மன்' என்று சொல்ல வேண்டாம், 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018 முதல் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பத்தியின் நீளம் கருதி அவன் என்னை மன்னித்துவிட்டான்.

எந்த ஊருக்குப் போவது என்று அவர்களே முடிவு செய்யலாமா? செலவு யாருடையது? — வாசகி, மதுரை

ஊரைக் கேட்டு வாங்க முடியாது. விண்ணப்பத்தோடு டாக்டர் சான்று, பல் டாக்டர் சான்று எல்லாம் வைக்க வேண்டும். போகும் முன்பே ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொள்வது இங்கே சகஜம். இவனும் இரண்டு கன்னமும் வீங்கி, ஐஸ் பொட்டலத்தோடு ஒரு வாரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

அழைப்புக் கடிதம் முன்பு பெரிய வெள்ளைக் கவரில் தபாலில் வருமாம். இப்போது இணையத்தில் வருகிறது. தனியாகத் திறந்து பார்ப்பதில்லை. சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரையும் கூட்டி வைத்துத்தான் திறப்பார்கள். சுவரில் உலகப் படம் மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு குண்டூசி குத்தி ஊரை ஊகிக்க வேண்டும். நான் நம்பிக்கையோடு சென்னையில் குத்தினேன். "பிரேசில், ஃபோர்த்தலேசா" என்று அவன் படித்ததும் கூட்டம் கத்தியது. அவன் பாட்டி மட்டும் படத்தருகே போய், ஓரெமுக்கும் அந்த ஊருக்கும் நடுவே சாணால் அளந்து பார்த்தாள்.

செலவு பையனும் குடும்பமும் போடுவது. சம்பளம் கிடையாது. அவன் கிளம்பியபோது அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு, எந்த நாடானாலும், மாதம் 500 டாலர். 2020 ஜூலைக்கு முன் 400. ஆக 12,000 டாலர். அதில் எங்கள் வீட்டுப் புல் வெட்டிச் சம்பாதித்ததும் கொஞ்சம் உண்டு. (நன்றாக வெட்டினான் என்று சொல்ல மாட்டேன்.)

ஒரு நாள் எப்படிப் போகும்? — வாசகர், திருச்சி

காலை ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், பிறகு வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. பத்து மணி வாக்கில் வெயிலில் இறங்கினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் அறை. பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா கிடையாது, காதல் கிடையாது. நீச்சலும் கூடாது, ஃபோர்த்தலேசா கடற்கரை நகரம். பையன் இரண்டு வருடம் அட்லாண்டிக்கைப் பார்த்துவிட்டு, கால் நனைக்காமல் வந்தான்.

மொழியை ஆறு வாரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வாரம் வீட்டிலிருந்தே ஜூமில், மீதி ப்ரோவோ பயிற்சி மையத்தில். எங்கள் தெருவிலிருந்து காரில் கால் மணிகூட ஆகாது, ஆனாலும் பெற்றோர் போய்ப் பார்க்க முடியாது. அவன் அம்மா காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அந்த வழியாகவே போய்வந்ததை நான் கவனித்தேன், அவர் கணவர் கவனிக்கவில்லை.

ஆறு வாரப் போர்த்துக்கீசியம் எவ்வளவு தூரம் தாங்கும்? அங்கே ரொட்டிக்குப் 'பாவ்' என்று மூக்கால் சொல்ல வேண்டும். நம்ம ஊர் பாவ் பாஜியின் பாவ் இதுவேதான். மூக்கை விட்டுவிட்டால் 'கட்டை' என்று ஆகிவிடும். கொச்சையில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு, பத்திரிகையில் எழுத முடியாது. பேக்கரியில் வரிசையாகப் பெண்கள் நிற்க, இவன் சத்தமாக ஆறு கேட்டிருக்கிறான்.

அங்கே பல வீடுகளில் கம்பிக் கதவு தெருவோடு இருக்கும். அதன் முன் நின்று கை தட்ட வேண்டும். மூன்று தட்டு, ஒரு குரல். தட்டிக்கொண்டே போனால் நாய் வரும், குழந்தை வரும், "அம்மா வீட்டில் இல்லை" என்று அம்மாவே உள்ளிருந்து சொல்லும் குரல் வரும். சாயங்காலம் பரவாயில்லை. அந்தப் பக்கத்து மக்கள் வெயில் தாழ்ந்ததும் நாற்காலியைத் தெருவோரம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நம்ம திண்ணைப் பேச்சுத்தான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு கிழவி இவர்களைக் கூப்பிட்டு, உள்ளே போய்ச் சின்னக் கோப்பைகளில் காபி கொண்டுவந்திருக்கிறாள். காபி, தேநீர், மது, புகையிலை நாலும் இவர்களுக்கு ஆகாது. 1833இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தந்த விதியில் 'சூடான பானங்கள்' என்று இருப்பதைக் காபி, தேநீர் என்று கொள்கிறார்கள். இவன் வேண்டாம் என்றான். கிழவி கோப்பையைத் தட்டில் திரும்ப வைத்து, "என் வீட்டுத் தண்ணீர் அழுக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாளாம். இதை அவன் சொன்னபோது நான் டிகாக்ஷனில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டியாக இருந்தால் எழுந்து போவதோடு விட்டிருக்க மாட்டாள் என்றேன். அடுத்த வாரம் அதே வீட்டு வாசலில் போய்க் கை தட்டியிருக்கிறான். நாலாவது வாரம், காபிக்குப் பதில் அங்கே சபைக்காரர்கள் குடிக்கும் வறுத்த பார்லிக் கஷாயத்தை வாங்கி வைத்திருந்தாளாம். கடைசி வரை சபையில் சேரவில்லை.

கூட வரும் கூட்டாளியோடு சண்டை வராதா? — வாசகர், கோவை

வராமல்? குளியலறை தவிர எந்நேரமும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆளை மேலிடம் தீர்மானிக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரலாம், வராமலும் போகலாம். ஜாதகம் பார்க்காத கல்யாணம். இவனுக்கு வாய்த்த பிரேசில் பையன் ஒருவனோடு, அறையில் இருந்த ஒரே மின்விசிறியை முன்னிட்டுப் பதினோரு நாள் பேச்சில்லை. சேர்ந்து போய்ச் சேர்ந்து கை தட்டி, கிறிஸ்துவின் அன்பைப் பற்றி மாறி மாறிப் பேசிவிட்டு, தெருவில் இறங்கினால் மௌனம். அந்தப் பையனின் கல்யாணத்துக்கு இப்போது டிக்கெட் போட்டிருக்கிறான்.

வீட்டோடு பேசலாமா? — வாசகி, காரைக்குடி

2019 பிப்ரவரியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் பேசலாம், வீடியோவிலும். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், அன்றுதான் பேச்சும். அதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்ய வருடத்தில் இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம்.

எத்தனை பேரை மதம் மாற்றினான்? உங்களை? — வாசகர், நாகர்கோவில்

அவனும் அவன் கூட்டாளிகளுமாகச் சேர்ந்து ஆறு பேருக்கு ஞானஸ்நானம். அதில் இரண்டு பேர்தான் இன்னும் கோயிலுக்கு வருவதாக அவனே சொன்னான், மறைக்கவில்லை. 18 வயதில் ஒருவன், பிள்ளை பெற்று வளர்த்தவர்களிடம் போய்க் கடவுளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. அதை அவனிடமே சொன்னேன். "எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது" என்றான். இரண்டாம் மாதம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

எங்கள் தெருவில் இன்னொரு பையன் நாலாம் மாதமே மனம் சரியில்லாமல் திரும்பிவிட்டான். அவனுக்கு விமான நிலையத்தில் பலூனும் பதாகையும் கிடையாது. அவனிடம் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். புல் வெட்ட ஆள் வேண்டும் என்று போய்க் கேட்டேன். வந்தான்.

என்னை மாற்ற ஒரே ஒரு முறை முயன்றார்கள். அவர்களின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தைத் தமிழில் அச்சிட்டதைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மெனக்கெடலுக்காகவே முப்பது பக்கம் படித்தேன்.

இப்போது என்ன செய்கிறான்? — வாசகி, சேலம்

கல்லூரியில் சேர்ந்துவிட்டான். எங்கள் வீட்டில் அழைப்பு மணி நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் வாசலில் நின்று மூன்று தட்டு, ஒரு குரல். என் மனைவி பாலைச் சுட வைக்கிறாள், எனக்கு மட்டும்.